கண்ணில் போடும் தையல்: ஒபரேஷனுக்குக் கொழும்பு வருபவர்களுக்கு

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் எப்போதும் இரண்டு பாய் மடித்து வைத்திருக்கும். மன்னாரில் இருந்தோ மட்டக்களப்பில் இருந்தோ ஹட்டனில் இருந்தோ யாராவது கண்ணைக் காட்ட வந்துகொண்டே இருப்பார்கள். கண் ஒபரேஷன் தியேட்டரில் தாதியாக இருபது வருடத்துக்கு மேல் நின்று ஓய்வு பெற்ற ஆள் நான். அதனால் சொந்தக்காரர்கள், சொந்தக்காரர்களுக்குச் சொந்தக்காரர்கள் என்று எல்லோருக்கும் இந்த வீடுதான் மடம். வந்து தேத்தண்ணீர் குடித்ததும் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "தையல் போடுவினமோ? எந்தத் தையல் நல்லது?"

நல்ல தையல், கெட்ட தையல் என்று ஒன்றும் கிடையாது. கண்ணின் எந்த இடத்தை மூடுகிறார்கள், மூடிய பிறகு நீங்கள் எத்தனை தடவை கிளினிக்குக்கு வரக்கூடியவர் என்ற இரண்டும்தான் முக்கியம். முதலாவதை டொக்டர் பார்த்துக்கொள்வார். இரண்டாவது உங்களுக்குத்தான் தெரியும், நீங்கள் வாய் திறந்து சொன்னால்தான் அவருக்குத் தெரியும். தையல் ஒபரேஷன் மேசையோடு முடிவதில்லை. உங்களோடு பஸ் ஏறி ஊருக்கு வந்து, சில வாரமோ சில வருடமோ உங்கள் கண்ணிலேயே குடியிருக்கும்.

முதலில், எந்தப் படலம் என்று கேளுங்கள்

தையல் போடும் கண்ணின் மேற்பரப்பு என்று இங்கே நான் சொல்வது இரண்டு இடங்களை. ஒன்று, வெள்ளை முழிக்கு மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய, வழுக்கும் படலம். டொக்டர்மார் இதைக் கன்ஜங்டைவா என்பார்கள். இதில் இரத்தக் குழாய்கள் நிறைய உண்டு, அதனால் வெட்டினால் சில நாளில் ஒட்டிக்கொள்ளும். மற்றது, கருமணிக்கு முன்னால் மணிக்கூட்டுக் கண்ணாடி மாதிரி நிற்கும் தெளிவான பகுதி, கோர்னியா. நடுவில் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தடிப்புத்தான். இதில் இரத்தக் குழாயே கிடையாது. இருந்தால் ஊடே பார்க்க முடியாதே. இரத்தம் ஓடாத இடம் என்பதால் ஆறுவதற்கு மாதக்கணக்கு எடுக்கும்.

இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மிச்சம் எல்லாம் விளங்கும். வெள்ளை முழிப் படலத்தில் போடும் தையலுக்கு வேலை சில வாரம். கோர்னியாவில் போடும் தையலுக்கு வேலை ஒரு வருடம், சிலவேளை அதற்கும் மேல். அதனால்தான் பக்கத்துக் கட்டில்காரருக்குப் போட்ட நூலை உங்களுக்குப் போடவில்லை என்று மனம் குழம்பத் தேவையில்லை.

நூலைப் பற்றிக் கொஞ்சம்

தையல் நூலுக்கு இலக்கம் உண்டு. கண்ணில் அதிகம் கேள்விப்படுவது எட்டு பூச்சியம், பத்து பூச்சியம். பூச்சியம் கூடக் கூட நூல் மெலியும். பத்து பூச்சிய நூலின் தடிப்பு 0.02 முதல் 0.029 மில்லிமீட்டர். தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறுங்கண்ணுக்கு இலேசில் தெரியாது, நுணுக்குக்காட்டியின் கீழேதான் கட்டுவார்கள். தியேட்டரில் ஒரு ஊசி கைதவறிப் போய்விட்டால் நாங்கள் காந்தத்தை வைத்துத் தரையெல்லாம் தேடுவோம்.

இரண்டு இன நூல்களின் பெயர் தெரிந்தால் போதும். நைலோன் கரையாது என்று கணக்கு. உண்மையில் வருடக்கணக்கில் மெதுவாக இற்றுப்போகும், ஆனால் அதை நம்பி இருக்க முடியாது. கண்ணுக்கு அதிக எரிச்சல் கொடுக்காது, வழுவழுப்பானது, ஆனால் ஒருநாள் யாராவது எடுக்க வேண்டும். விக்ரில் கரையும் நூல். மூன்று வாரத்தில் அதன் பலம் ஏறக்குறையப் பாதியாகிவிடும், இரண்டு மாதம் அளவில் கரைந்தும் போகும். அநேகம் பேருக்கு அதற்கு முதலே முடிச்சு தானாக உதிர்ந்துவிடும். கரைகிற நூல் என்றால் உடம்பு அதைக் கரைக்கிறது என்று பொருள். அந்த வேலை நடக்கும்போது கண் கொஞ்சம் கூடுதலாகச் சிவக்கும், உறுத்தும்.

சதை வளர்ந்தவர்களுக்கு: தைப்பதா, ஒட்டுவதா?

இந்த வீட்டுப் பாயில் படுத்தவர்களில் பாதிப்பேர் இந்தக் கூட்டம்தான். மூக்குப் பக்கத்து வெள்ளை முழியில் இருந்து முக்கோணமாக ஒரு சதை கிளம்பி, மெல்ல மெல்லக் கருமணியை நோக்கி நகரும். டெரிஜியம் என்பார்கள். வெயில், உப்புக்காற்று, தூசு என்று வெளியில் உழைப்பவர்களுக்கு அதிகம். கடல் தொழிலாளர், வயல்காரர், கட்டட வேலை செய்பவர்கள். சதை இருக்கும் எல்லோருக்கும் ஒபரேஷன் தேவையில்லை. கருமணியின் நடுவை நெருங்கினால், பார்வையைக் கோணலாக்கினால், அடிக்கடி சிவந்து தொல்லை கொடுத்தால்தான்.

முன்னொரு காலத்தில் சதையை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தை அப்படியே திறந்து விட்டுவிடுவார்கள். தையலே இல்லை. நோயாளிக்குச் சந்தோஷம், டொக்டருக்கும் வேலை சுருக்கம். ஆனால் நிறையப் பேருக்குச் சதை திரும்ப வந்தது, சிலருக்கு முதலில் இருந்ததைவிட மோசமாக. இன்றைக்கு வழக்கம் வேறு. அதே கண்ணின் மேல் இமைக்குக் கீழே ஒளிந்திருக்கும், வெயில் படாத நல்ல படலத்தில் இருந்து ஒரு சின்னத் துண்டை எடுத்து, சதை வெட்டிய இடத்தில் பதிப்பார்கள். நாற்றங்காலில் பிடுங்கி வயலில் நடுவது மாதிரி. எடுத்த இடம் தானாக ஆறிவிடும். கேள்வி என்னவென்றால், பதித்த துண்டு நகராமல் எப்படிப் பிடித்து வைப்பது?

ஒரு வழி தையல். துண்டின் நாலு மூலையையும் முதலில் கட்டுவார்கள், பிறகு இடையிடையே ஒவ்வொன்று. ஊசி வெறும் படலத்தை மட்டும் பிடித்தால் துண்டு வழுக்கும். அடியில் உள்ள வெள்ளை முழியின் மேற்பரப்பையும் சேர்த்து ஒரு கடி கடித்தால்தான் பிடிக்கும். நூல் எட்டு பூச்சிய விக்ரிலாகவோ பத்து பூச்சிய நைலோனாகவோ இருக்கலாம். தையலின் நல்ல குணம், துண்டு இலேசில் அசையாது. கெட்ட குணம், ஒவ்வொரு முடிச்சும் மணல் விழுந்தது மாதிரி உறுத்தும். முதல் ஒரு கிழமை, பத்து நாளைக்குக் கண்ணீர் வடிந்துகொண்டே இருக்கும். நைலோன் என்றால் ஒன்றிரண்டு கிழமையில் எடுக்க வரவேண்டும். விக்ரில் என்றால் எடுக்கத் தேவையில்லை, ஆனால் சிவப்பு நின்று ஆற நாள் எடுக்கும்.

இரண்டாவது வழி பசை. ஃபைப்ரின் பசை என்று பெயர். இரத்தம் உறைவதற்கு உடம்பு பயன்படுத்தும் அதே இரண்டு பொருள்களைத் தனித்தனியாக வைத்திருந்து, இடத்தில் ஒன்றாகச் சேர்ப்பார்கள். சற்று நேரத்தில் பிடித்துக்கொள்ளும். ஒபரேஷன் நேரம் நன்றாகக் குறையும், உறுத்தல் மிகக் குறைவு. 2016இல் பல ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த, கொக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மீளாய்வும், பசை போட்டவர்களுக்குச் சதை திரும்ப வளர்வது தையல் போட்டவர்களைவிடக் குறைவு என்றுதான் சொன்னது. அதே மீளாய்வு இன்னொன்றும் சொன்னது: துண்டு விலகுவது, சுருங்குவது போன்ற தொல்லைகள் பசையில் சற்றுக் கூடுதல்.

நான் கண்ணால் கண்டதும் அதுதான். என் சித்தியின் மகள் பசை போட்ட மறுநாள், நித்திரைக் கலக்கத்தில் கண்ணைக் கசக்கிவிட்டாள். அடுத்த நாள் பார்த்தால் துண்டின் ஒரு மூலை பாய் சுருண்ட மாதிரிச் சுருண்டு கிடக்கிறது. திரும்ப மேசையில் ஏற்ற வேண்டியதாயிற்று. உறுத்தாததுதான் பசையின் ஆபத்து. தையல் குத்திக்கொண்டே இருந்தால் கண்ணில் ஒபரேஷன் நடந்தது ஞாபகம் இருக்கும். பசை போட்டவர்கள் மூன்றாம் நாளே மறந்துவிடுகிறார்கள்.

பசை மனித இரத்தத்தின் திரவப் பகுதியில் இருந்து செய்யப்படுகிறது. கிருமி நீக்கிப் பரிசோதித்துத்தான் வருகிறது என்றாலும், சமயக் காரணத்தால் பிறர் இரத்தம் வேண்டாம் என்பவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். விலையும் கூட. எல்லா நாளும் எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. தனியார் ஆஸ்பத்திரி என்றால் பில்லில் அது தனியாக வருமா என்று முதலே கேளுங்கள்.

மூன்றாவதும் ஒன்று உண்டு: உங்கள் சொந்த இரத்தம். வெட்டிய இடத்தில் கசியும் இரத்தத்தையே மெல்லிய படையாக உறையவிட்டு, அதன்மேல் துண்டை வைத்துச் சில நிமிடம் அசையாமல் விடுவார்கள். நூலும் இல்லை, பசைச் செலவும் இல்லை. ஆனால் மூன்றிலும் பிடி குறைவானது இதுதான். இரத்தத்தை இளக்கும் குளிசை எடுப்பவர்களுக்கு இது சரிவராமல் போகலாம். இருதய கிளினிக்கில் தரும் குளிசைகளின் பெயரைக் கண் டொக்டரிடம் காட்டாமல் ஒளிப்பவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். "கண்ணுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்?" என்பார்கள். இதுதான் சம்பந்தம். அதற்காக நீங்களாகவே குளிசையை நிறுத்திவிட்டும் வரவேண்டாம்.

கண் அழுத்த நோய், அதாவது குளுக்கோமா இருப்பவர்கள் அதையும் சொல்ல வேண்டும். பின்னாளில் அதற்கு ஒபரேஷன் செய்ய நேர்ந்தால் மேல் இமைக்குக் கீழே உள்ள அந்தப் படலம் தேவைப்படும். முன்பே தெரிந்தால் துண்டைக் கீழ்ப்பக்கத்தில் இருந்து எடுப்பார்கள்.

என் தீர்ப்பைக் கேட்டால்: கொழும்பிலேயே இருப்பவர், கண்ணைக் கசக்காத பொறுமைசாலி, பசை கிடைக்கிறது என்றால் பசை. ஊருக்குப் போனதும் மறுநாளே வள்ளத்திலோ வயலிலோ இறங்கப்போகிறவர் என்று டொக்டருக்குப் பட்டால் அவர் தையலைத் தெரிவார், நானும் அதையே சொல்வேன். தூர ஊர்க்காரர், திரும்ப வருவது கடினம் என்றால் கரையும் நூலைக் கேட்டுப் பாருங்கள். எதைப் போட்டாலும் சதை திரும்ப வருவதானால் பெரும்பாலும் முதல் ஒரு வருடத்துக்குள்தான் வரும். அந்த ஒரு வருடம் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் வெட்கப்படாமல் போடுங்கள்.

கோர்னியா மாற்றுபவர்களுக்கு: பொத்தானா, மூட்டைத் தையலா?

இது பெரிய கதை. முதன்முதலாக மனிதக் கோர்னியாவை வெற்றிகரமாக மாற்றியவர் எடுவார்ட் ஸிர்ம், 1905இல், இன்றைய செக் நாட்டின் ஒலமூட்ஸ் நகரில். சுண்ணாம்பால் கண் வெந்துபோன ஒரு தொழிலாளிக்கு. அந்தக் காலத்தில் இத்தனை மெல்லிய நூல் ஏது? புதுக் கோர்னியாவின் விளிம்பைத் தைக்கவில்லை. மேலே குறுக்காக நூலை ஓட்டி, பொட்டலம் கட்டுவது மாதிரி அமுக்கி வைத்தார். நம் நாட்டில் கண் தானம் என்றால் ஹட்சன் சில்வாவின் பெயர் வரும். அவர் 1961இல் தொடங்கிய கண் தானச் சங்கம் கொழும்பில்தான் இருக்கிறது. இங்கிருந்து போன கண்கள் எத்தனையோ நாடுகளில் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அதனால் கோர்னியா கிடைக்குமா என்ற பயத்தைவிட, கிடைத்த கோர்னியாவைத் தையலோடு ஒரு வருடம் காப்பாற்றுவேனா என்ற பயம்தான் உங்களுக்கு வேண்டியது.

முழுத் தடிப்பில் மாற்றும்போது வட்டமாக வெட்டிய புதுத் துண்டை வட்டமான துளையில் வைப்பார்கள். மேலே, கீழே, இடம், வலம் என்று முதலில் நாலு தையல். மணிக்கூட்டில் பன்னிரண்டு, ஆறு, மூன்று, ஒன்பது. இதில் இரண்டாவதாகப் போடும் ஆறு மணித் தையலில்தான் டொக்டர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். அது நேர் எதிரே விழாவிட்டால் துண்டு முழுக்கக் கோணலாகிவிடும். தியேட்டரில் அந்தத் தையலின்போது ரேடியோவைக்கூட நிறுத்தச் சொன்ன டொக்டர் இருந்தார். ஊசி கோர்னியாவின் தடிப்பில் பத்தில் ஒன்பது பங்கு ஆழம் போக வேண்டும். ஆழம் குறைந்தால் உள்விளிம்பு வாய் பிளக்கும், துளைத்துக்கொண்டு போனால் தண்ணீர் கசியும்.

இந்த நாலுக்குப் பிறகு வழிகள் பிரிகின்றன.

தனித்தனித் தையல் என்பது சட்டைப் பொத்தான் மாதிரி. பெரும்பாலும் பதினாறு. ஒவ்வொன்றுக்கும் தனி முடிச்சு. முடிச்சை இழுத்துத் துளைக்குள் புதைத்துவிடுவார்கள், இல்லாவிட்டால் இமையைப் பிறாண்டும். ஒரு பொத்தான் அறுந்தால் மற்றப் பதினைந்தும் பிடிக்கும். அதைவிட முக்கியம், சில மாதங்களுக்குப் பிறகு எந்தப் பக்கம் இறுக்கமாக இருந்து பார்வையைக் கோணலாக்குகிறதோ அந்த ஒரு தையலை மட்டும் வெட்டிவிடலாம். கோர்னியாவுக்குள் இரத்தக் குழாய் புகுந்தவர்கள், புண்ணோடு வந்தவர்கள், சிறு பிள்ளைகள் எல்லோருக்கும் இதுதான் வழி. ஏனென்றால் இவர்களுக்கு ஒரு பக்கம் முந்தி ஆறும், மற்றப் பக்கம் பிந்தி ஆறும். முந்தி ஆறிய பக்கத்துத் தையலை முந்தியே எடுத்தாக வேண்டும்.

தொடர் தையல் என்பது அரிசி மூட்டையின் வாயைத் தைப்பது மாதிரி. ஒரே நூல் வட்டமாக ஓடி வந்து ஒரு முடிச்சில் நிற்கும். இழுவிசை எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். மத்தளத்து வாரை ஒரு இடத்தில் இழுத்து மற்ற இடத்துக்குத் தள்ளிச் சுருதி சேர்ப்பது போல, முதல் வாரங்களில் நூலை மெல்ல நகர்த்தி இறுக்கத்தைச் சரிசெய்யவும் முடியும். முடிச்சு ஒன்றுதான் என்பதால் உறுத்தலும் குறைவு. ஆனால் ஒரு இடத்தில் அறுந்தால், மூட்டை அளவுக்கு மளமளவென்று அவிழாவிட்டாலும், சுற்றுவட்டாரம் எல்லாம் தளரும். ஒரு பக்கத்தை மட்டும் முன்கூட்டி எடுக்கும் வசதியும் இல்லை.

இரண்டையும் கலப்பவர்களும் உண்டு: எட்டுத் தனித்தையல், அதன் மேலே ஒரு தொடர் தையல். எட்டையும் மாதங்கள் போகப்போக ஒவ்வொன்றாக எடுத்தாலும் தொடர் தையல் காவல் நிற்கும்.

பார்வையின் கடைசித் தெளிவு எந்த முறையில் கூடுதல் என்று கேட்டால், நூல் எல்லாம் எடுத்து முடிந்த பிறகு வித்தியாசம் பெரிதாக இருப்பதில்லை என்பதுதான் நான் பார்த்தது. வித்தியாசம் எல்லாம் இடைப்பட்ட காலத்தில்தான். தனித்தையல் உங்களை அடிக்கடி கிளினிக்குக்குக் கூப்பிடும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சரிசெய்யும். தொடர் தையல் குறைவாகக் கூப்பிடும், ஆனால் தளர்ந்தால் உடனே ஓடிவர வேண்டும். ஊரில் கண் டொக்டர் இருக்கும் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்பதை அதனால்தான் ஒபரேஷனுக்கு முதலே சொல்லச் சொல்கிறேன்.

தளர்ந்த தையலை அலட்சியப்படுத்தக் கூடாது. வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் நூல் அழுக்கைப் பிடிக்கும், கிருமி அதன் வழியே உள்ளே இறங்கும், இரத்தக் குழாய் அதைத் தேடி வளரும், உடம்பு புதுக் கோர்னியாவை அந்நியன் என்று கண்டுபிடித்து எதிர்க்கத் தொடங்கும். 2022இல் பெற்றோல் வரிசைக் காலத்தில் வவுனியாப் பக்கத்துத் தம்பி ஒருவர் பஸ் இல்லாமல் இரண்டு கிளினிக்கைத் தவறவிட்டார். "கொஞ்சம்தான் குத்துது அக்கா" என்று போனில் சொன்னார். அந்தக் கொஞ்சத்தில் ஒரு தையல் அறுந்திருந்தது. வந்து சேர்ந்தபோது அந்த இடத்தில் வெள்ளைப் புள்ளி விழுந்துவிட்டது. ஊர் ஆஸ்பத்திரியில் காட்டியிருந்தால் அறுந்த நூலை அங்கேயே எடுத்திருப்பார்கள். தையலைப் போட்ட டொக்டர்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

கோர்னியாவின் உள்படையை மட்டும் மாற்றும் முறையில் இத்தனை தையல் இல்லை. மெல்லிய படையை உள்ளே விட்டு, காற்றுக் குமிழியால் மேலே அழுத்தி வைப்பார்கள். அங்கே தையலின் வேலையைச் செய்வது நீங்கள் மல்லாக்கப் படுத்திருக்கும் நேரம். குமிழி கரையும் வரை விமானம் ஏறக்கூடாது. நுவரெலியாப் பக்கம் மலை ஏறிப் போகிறவர்களும் கேட்டுவிட்டுப் போங்கள், உயரம் கூடும்போது குமிழி விரியும்.

சுண்ணாம்பு, முள்ளு, கம்பி

வெற்றிலைக்குப் பூசும் சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் எந்தத் தையல் என்று யோசிக்க நேரமில்லை. உடனே தண்ணீரால் கழுவுங்கள், குறைந்தது அரை மணித்தியாலம், இமையைத் திருப்பி ஒட்டியிருக்கும் துகளையும் நீக்கி. பிறகுதான் ஆஸ்பத்திரி. இப்படி வெந்த கண்ணுக்கு, பிள்ளைப்பேற்றின்போது தானமாகப் பெற்ற பனிக்குடச் சவ்வைப் போர்த்துவது உண்டு. அதையும் தைக்கலாம் அல்லது ஒட்டலாம். சவ்வு சில வாரத்தில் கரைந்துவிடும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

குத்திக் கிழித்த காயம் என்றால் நேர்மாறு: கழுவாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்திய பொருளைப் பிடுங்காதீர்கள். ஒரு பிளாஸ்டிக் கோப்பையின் அடியை மேலே கவிழ்த்துப் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு, வெறும் வயிற்றோடு வாருங்கள்.

வருவதற்கு முதல் நாளும் வந்த நாளும்

தேசிய கண் வைத்தியசாலைக்கு வருவதானால், பழைய சிவப்பும் வெள்ளையுமான விக்டோரியா நினைவுக் கட்டடம் தெரியும் லிப்டன் சுற்றுவட்டத்தில் இறங்குங்கள். பஸ் கொண்டக்டரிடம் கண்ணாஸ்பத்திரி என்றாலே இறக்கிவிடுவார். ஊர் ஆஸ்பத்திரிக் கடிதம், பழைய கிளினிக் கொப்பி, குடிக்கும் குளிசைகளின் அட்டைகள், போட்டுக்கொண்டிருக்கும் சொட்டு மருந்துப் போத்தல்கள் எல்லாவற்றையும் ஒரே பையில் போடுங்கள். தமிழ் பேசும் நேர்ஸ் இருக்கலாம், அந்த நேரம் இல்லாமலும் போகலாம். இரண்டு மூன்று சிங்களச் சொல் தெரிந்திருப்பது நல்லது: தையல் என்றால் மெஹும், வலிக்குது என்றால் ரிதெனவா, கண் சிவந்திட்டுது என்றால் எஹெ ரது வெலா.

டொக்டரிடம் இதை மட்டும் கேளுங்கள்: என்ன நூல், கரையுமா, கரையாவிட்டால் எப்போது எடுப்பது, எங்கள் மாவட்ட ஆஸ்பத்திரியில் எடுக்கலாமா? பதிலைக் கொப்பியில் எழுதித் தரச் சொல்லுங்கள். இதைக் கேட்டதற்காக எந்த டொக்டரும் கோபித்ததை நான் கண்டதில்லை. அவசரத்தில் இருந்தால் வார்ட் நேர்ஸிடம் கேட்கலாம்.

சதை ஒபரேஷன் என்றால் பெரும்பாலும் அன்றே அனுப்பிவிடுவார்கள். அதற்காக அன்றிரவே மெயில் பஸ் பிடிக்க வேண்டாம். மறுநாள் கட்டைப் பிரித்துப் பார்க்கும் வரை கொழும்பில் நில்லுங்கள். தெரிந்தவர் வீடு இருந்தால் கூச்சப்படாதீர்கள். பஸ்ஸில் போகும்போது யன்னல் கரை வேண்டாம், காற்றும் தூசும் நேரே முகத்தில் அடிக்கும்.

வீட்டுக்குப் போன பிறகு

நித்திரையில் கண் மூடியைக் கட்டாயம் போடுங்கள், குறைந்தது டொக்டர் சொன்ன நாள் வரை. தலைக்குக் குளிப்பது சில நாள் ஒத்திப்போடலாம். நெற்றியில் திருநீறு பூசுபவர்கள் ஈரமாகக் குழைத்துப் பூசுங்கள், உலர் நீறு உதிர்ந்து நேரே கண்ணுக்குள்தான் விழும். விறகடுப்பும் சாம்பிராணியும் வேறு ஆளின் பொறுப்பாகட்டும். நந்தியாவட்டைப் பூச்சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் தையல் உள்ள கண்ணுக்குள் போகக் கூடாது. பாட்டி சொன்னால் பாட்டியிடம் சரி என்று சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள்.

சொட்டு மருந்து முடிந்தால் டொக்டர் எழுதித் தந்த பழைய மருந்துத் துண்டைக் காட்டிப் பார்மஸியில் நீங்களாகவே திரும்ப வாங்க வேண்டாம். வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீரொய்ட் சொட்டு நல்லதுதான், ஆனால் கணக்கில்லாமல் போட்டால் கண் அழுத்தம் ஏறும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. மறுபக்கம், கோர்னியா மாற்றியவர்கள் "கண் நல்லாத்தான் இருக்கு" என்று அதே சொட்டைத் தாங்களாக நிறுத்தினால் உடம்பு புதுக் கோர்னியாவை எதிர்க்க வழி விட்டதாகிவிடும்.

உறுத்தல் நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்துவந்த உறுத்தல் திடீரென்று கூடினால், சிவப்பு ஏறினால், வெளிச்சம் பார்க்க முடியாமல் கூசினால், பார்வை மங்கினால், சீழ் வந்தால், அன்றைக்கே போங்கள். அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்க வேண்டாம். கோர்னியா மாற்றியவர்களுக்கு இது முதல் மாதத்துக்கு மட்டுமல்ல, பத்தாவது வருடத்திலும் இதே விதிதான்.

தையல் எடுக்கும் நாள்

பெரியவர்களே இதற்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள், தேவையே இல்லை. மேசையில் படுக்க வேண்டியதில்லை. நாடியை வைத்து நெற்றியை ஒட்டிக்கொண்டு இருக்கும் அந்த விளக்கு மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தால் போதும். மரக்கச் செய்யும் சொட்டு இரண்டு. மெல்லிய ஊசி நுனியால் நூலை வெட்டி, சின்ன இடுக்கியால் உருவி எடுப்பார்கள். ஒரு தையலுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. பிறகு சில நாள் கிருமிக்கொல்லிச் சொட்டு.

கோர்னியாத் தையல் எடுத்தவர்கள் உடனே புதுக் கண்ணாடி செய்யக் கொடுக்க வேண்டாம். ஒவ்வொரு தையல் போகும்போதும் கோர்னியாவின் வளைவு மாறும், பவர் மாறும். மருதானையில் அவசரமாகக் கண்ணாடி வெட்டி, அடுத்த மாதம் அதை அலுமாரியில் வைத்தவர்கள் பலர்.

என் பெரியப்பா பேசாலையில் கடல் தொழில் செய்தவர். சதைக்கு ஒட்டுப் போட்டு, பத்து பூச்சிய நைலோனால் தைத்திருந்தார்கள். எடுக்கும் நாள் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். எடுத்த நூலைக் காட்டச் சொல்லி அடம்பிடித்தார். நேர்ஸ் பிள்ளை சிரித்துக்கொண்டே வெள்ளைத் துணியில் வைத்து நீட்டினாள். தையல் எடுத்த கண்ணாலும் பார்த்தார், மற்றக் கண்ணாலும் பார்த்தார், துணியை யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோயும் பார்த்தார்.

"இது என்ன நூல்?" என்றார்.

"நைலோன், பெரியப்பா. உங்கட வலை நூல்தான், கொஞ்சம் மெல்லிசு."

"இந்த நூலில நான் வலை பின்னினால் திமிங்கிலத்துக்கும் தெரியாது" என்று சொல்லிவிட்டு, துணியைக் கவனமாக மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.